ரதியும் மதனும் கலஹா பஸ்ஸில்

எங்கள் தோட்டத்தில் வயது போனவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ரதி மாஸ்டர்" என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். ரதி வேஷம் கட்டியது இளவயதில் சில மாசி மாதங்கள்தான். ஆனாலும் பெயரில் முன்னுக்கு நிற்பவள் ரதி. மேட்டு லயத்தில் ஒரு குடும்பத்துக்கு "எமன் வீடு" என்று பெயர். எமன் வேஷம் கட்டியவர் காலமாகி எவ்வளவோ காலம். அவருடைய பேரன்மார் கண்டி டவுனில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களையும் எமன் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் அறிவோம்.

காமன் கூத்து ஆடிய தோட்டங்களில் இது வழமை. மாசி மாத அமாவாசை கழிந்து பிறை தெரியும் நாட்களில் காமனுக்குக் கம்பம் ஊன்றுவார்கள். அன்று முதல் பௌர்ணமி வரை, வேஷம் கட்டுகிறவர்கள் விரதம். பகலில் மலையில் வேலை, இரவில் கொழுந்து மடுவத்தில் ஒத்திகை. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். கெட்ட சொப்பனம் கண்ட ரதி, போக வேண்டாம் என்று மறிக்கிறாள். அவன் போகிறான், மலர்க்கணை விடுகிறான், நெற்றிக் கண்ணால் எரிகிறான். ரதி அழுகிறாள். கடைசியில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர் பெறுகிறான். இதற்கிடையில் தூதன் வருவான், எமன் வருவான், வீரபத்திரன் வருவார். வீரபத்திரன் வேஷக்காரருக்கு உண்மையாகவே அருள் வந்துவிடுவதும் உண்டு.

இந்தக் கூத்துக்கு மேடை கிடையாது. ரதியும் மதனும் ஜோடியாக லயம் லயமாக ஆடிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி எடுத்து, கையில் இருக்கும் காசைத் தட்டில் போடுவார்கள். முழு நிலவு இரவில் விடிய விடிய ஆட்டம் நடந்து, காமனை எரிக்கிறபோது கிழக்கு வெளுக்கும். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று மலையகத்தில் வேறு கூத்துகளும் உண்டு. ஆனால் ஊர் முழுவதையும் களமாக்கிக்கொள்ளும் கூத்து காமன் கூத்துதான் என்பது என் எண்ணம். அதில் ஒரு தரம் சேர்ந்து ஆடியவர்களுக்குள் உண்டாகும் சொந்தம் கல்யாணம் பண்ணிக் கொண்ட சம்பந்தத்தைவிடக் கெட்டியானது. அந்தச் சொந்தம் அறுந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி கூடியதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அறுந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். 1948இல் கொண்டுவந்த சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்களைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எழுபதுகளில் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போனார்கள். கண்டி ஸ்டேசனில் நின்று அழுது அனுப்பி வைத்த அந்த ரயிலுக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் பேச்சு. தலைமன்னாரில் இறங்கி, இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். பிறகு எந்த ஊரென்று அதிகாரிகள் சொல்கிறார்களோ அந்த ஊர்.

இதைப் பற்றிச் சட்டமும் அரசியலும் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரு கூத்துச் செட்டுக்கு இதனால் என்ன நடந்தது என்று எழுதியவர்கள் குறைவு. ஒரு குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தால் அந்தக் குடும்பத்தோடு ஒரு தூதன் போனான். அடுத்த வருஷம் கூத்துப் பழக்கிய வாத்தியார் போனார். எங்கள் மதன் போனது அதற்கும் அடுத்த வருஷம். பாட்டெல்லாம் எழுதி வைத்திருந்த சீ.ஆர். கொப்பி வாத்தியாருடைய டிரங்குப் பெட்டியில் கப்பலேறியது. பிரதி எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை; கொப்பியும் வாத்தியாரும் எப்போதும் இங்கேயே இருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அதற்குப் பிறகும் சில மாசிகளுக்கு மிஞ்சியவர்களை வைத்து ஆடினோம். 1983 கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. மலையகத்தில் சில தோட்டங்களில் இன்றைக்கும் காமன் ஊன்றுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் இல்லை.

மதனைக் கண்டுபிடித்தது என் பேரன், முகநூலில். நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு உண்டாக்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில் அவன் வாழ்க்கை கழிந்திருக்கிறது. இங்கே கொழுந்தெடுத்தவர்கள் அங்கேயும் கொழுந்துதான். இங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்கிறார்கள். முதல் தரம் டெலிபோனில் பேசியபோது சுகம் விசாரிக்கவில்லை அவன். ரதியைச் சமாதானப்படுத்திவிட்டு மதன் புறப்படுகிற இடத்தில் வரும் பாட்டின் இரண்டாம் அடி என்ன என்று கேட்டான். அவ்வளவு காலமும் அது அவன் தொண்டையில் முள்ளாக நின்றிருக்கிறது. நான் பாடிக் காட்டினேன். பிறகுதான் பிள்ளைகள் எத்தனை, பெண்சாதி இருக்கிறாளா என்ற பேச்செல்லாம்.

அந்த அடி எனக்கு எப்படி நினைவிருந்தது என்பதை யோசித்தால் நாடகக்காரர் நட்பின் ஒரு ரகசியம் பிடிபடும். கூத்தில் தன் முறை எப்போது வரும் என்று காத்து நிற்பவன் எதிராளியின் பாட்டைத்தான் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பான். தன் பாட்டை வாய் பாடிவிட்டுப் போய்விடும். எதிராளியின் பாட்டு காதில் ஏறி உட்கார்ந்துவிடும். என்னிடம் மதனின் பாட்டு முக்கால்வாசி இருந்தது. அவனிடம் என் ஒப்பாரியின் தொடக்கம் முழுவதும் இருந்தது. இவ்வளவு காலமும் என்னுடையதை அவன் நீலகிரியில் வைத்திருந்தான், அவனுடையதை நான் கண்டியில் வைத்திருந்தேன்.

போன மாசிக்கு முன்னால், திருச்சியிலிருந்து விமானமேறி அவன் வந்தான். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு, கண்டியில் எங்கள் தோட்டத்துக்குப் போகும் கலஹா பஸ் எடுத்தோம்.

அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். பேராதனையில் திரும்பியதும் கலஹா வீதி பல்கலைக்கழகத்துக்கு உள்ளாலேயே போகிறது. ஒரு பக்கம் மகாவலி, மறுபக்கம் ஹந்தானை மலை. 1952இல் கொழும்பிலிருந்து இங்கே இடம்பெயர்ந்த பல்கலைக்கழகம் இது. அந்த மலைச் சரிவில்தான் திறந்தவெளி அரங்கு இருக்கிறது. இப்போது அதற்கு எதிரிவீர சரச்சந்திரவின் பெயர். அவருடைய "மனமே" 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதன்முதல் மேடையேறியது. பேராதனை மாணவர்கள்தான் அதில் நடிகர்கள். சிங்கள நாடகத்துக்கே அது புதுப் பிறப்பு என்று சொல்வார்கள். அதற்கு ஆட்டமும் பாட்டும் வந்தது எங்கிருந்து? பழைய நாடகம் ஆடிய சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற கிராமத்துக் கலைஞரிடமிருந்து. சரச்சந்திர அவரிடம் போய்க் கேட்டுக் கற்றார்.

தமிழ்ப் பக்கத்தில் அதே காரியத்தை அதே வளவில் செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடுகிற கூத்தை, படச்சட்ட மேடைக்கு ஏற்றபடி மிகக் குறுகிய நேரத்துக்குள் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், வாலிவதை. மட்டக்களப்பு அமிர்தகழியிலிருந்து படிக்க வந்த சி. மௌனகுரு என்ற மாணவர் அந்தக் கூத்துகளில் ஆடிப் பெயர் வாங்கினார். பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பல பத்து வருஷங்கள் கழித்து, தான் இளமையில் ஆடிய இராவணேசனைப் புதிய தலைமுறையை வைத்துத் திரும்ப மேடையேற்றினார். வித்தியானந்தன் கூத்துப் பிரதிகளைத் தேடி அச்சிலும் போட்டார். அலங்காரரூபன் நாடகம் அப்படித்தான் புத்தகமாகத் தப்பியது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனவர் அவர்.

இதெல்லாம் நடந்த காலத்தில் நான் சின்னப் பையன். அப்பாவோடு இதே பாதையால் கண்டிக்குச் சாமான் வாங்கப் போய் வந்திருக்கிறேன். அந்த மதில்களுக்கு உள்ளே படித்த பிள்ளைகள் சலங்கை கட்டிக் கூத்து ஆடுகிறார்கள் என்று தோட்டத்தில் எங்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் இதை மதனுக்குச் சொன்னபோது அவன் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், நம்ம வாத்தியார இவங்க ஒருதரம் கூப்பிட்டிருக்கலாமே" என்றான். எனக்கும் அதுதான் மனக்குறை. மட்டக்களப்புக் கூத்துக்கு ஒரு பேராசிரியர் வாய்த்தார். கொப்பியை டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு கோச்சி ஏறிய எங்கள் வாத்தியாருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. கலஹாவுக்கும் பேராதனைக்கும் இடையில் ஒரு பஸ் பயணம்தான் தூரம்.

கொப்பி என்ன ஆனதென்று மதனைக் கேட்டேன். வாத்தியார் நீலகிரியிலேயே காலமாகிவிட்டாராம். அங்கே மழையும் ஈரமும் அதிகம். பெட்டியோடு பூஞ்சணம் பிடித்து, தாளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிற்று. பிரித்தால் கிழிந்தது. கடைசியில் வாத்தியாரின் மகன் அதைக் கோயில் குளத்தில் விட்டுவிட்டார்.

ஆகவே எழுத்தில் எதுவும் மிச்சமில்லை. ஆட்களிடம் என்ன இருக்கிறதோ அதுதான்.

தோட்டத்தில் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர். தூதன் வேஷம் கட்டியவர்களில் இங்கேயே மிஞ்சியவர் கம்பு ஊன்றி வந்தார். அந்தக் காலத்தில் அவர் ஓடிய ஓட்டத்தைக் கண்டவர்களுக்கு அதைப் பார்க்க நெஞ்சு கனத்தது. வீரபத்திரன் கொழும்பில் மகனோடு இருக்கிறார், வர முடியவில்லை. கோயிலடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். முதல் ஒரு மணித்தியாலம் பேச்சு எங்கெங்கோ போனது. யார் செத்தார்கள், யார் எங்கே, எந்த மலையைக் காடாக விட்டுவிட்டார்கள் என்றெல்லாம். கூத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கு இரண்டு சொல் வந்தது, நின்றது. எனக்குப் பயமாகவே போய்விட்டது.

அப்போதுதான் தப்பு அண்ணன் வந்தார். எங்களுக்கெல்லாம் மூத்தவர். அவருடைய தப்பு இல்லாமல் எங்கள் தோட்டத்தில் எந்தக் காரியமும் நடந்ததில்லை. காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடுவது முதல் சாவு வீடு வரை. அந்தக் காலத்தில் அவருக்குத் தோட்டம் கொடுத்த மரியாதை என்ன என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். கூத்துக்கு உயிர் அவர். ஆனால் வாத்தியார் வீட்டு இஸ்தோப்பில் அவர் ஏறக்கூடாது. விரதச் சாப்பாடு போடும்போது அவருக்கு இலை தள்ளி விழும். கடல் தாண்டி வந்தபோது விட்டுவிட்டு வந்திருக்க வேண்டியதைச் சனங்கள் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை பாயின் நடுவில் அவரை உட்கார வைத்தோம். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வைக்கோல் கொஞ்சம் கொளுத்தச் சொல்லி, தோலை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பதம் பார்த்தார். பிறகு அடித்தார்.

ரதி மதன் புறப்படுகிற அடி. அது விழுந்த கையோடு மதன் எழுந்தான். எழுபதை எட்டிய ஆள், முழங்கால் வருத்தம் உள்ளவன். எழுந்து நின்ற விதமே மாறிவிட்டது. பாட்டுத் தொடங்கினான், நான் எடுத்தேன், அவன் விட்ட இடத்தைத் தூதன் எடுத்துக் கொடுத்தார். தப்பு அண்ணனுக்கு ஒரு சொல்லும் பாடமில்லை. ஆனால் எந்தப் பாட்டுக்கு எந்த அடி, எங்கே அடி மாறும், எங்கே நிறுத்தி ஆட்டக்காரனுக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் அப்படியே இருந்தது. "இந்த எடத்துல நீ இன்னும் ரெண்டு வரி பாடணும் தம்பி, என் கை நிக்க மாட்டேங்குது" என்பார். யோசித்துப் பார்த்தால் உண்மையாகவே இரண்டு வரி விட்டிருப்போம்.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. ரதியின் ஒப்பாரி பாதியில் நின்றது. எனக்கும் வரவில்லை, மதனுக்கும் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்களில் ஒருவர், கொழுந்தெடுத்து ஓய்ந்துபோன ஒரு பாட்டி, இருந்த இடத்திலிருந்தே அடுத்த வரியைப் பாடினார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். எங்கள் தோட்டத்துக் கூத்தில் பெண்கள் வேஷம் கட்டியதே இல்லை. ரதி கூட என்னைப் போன்ற மீசை முளைக்காத பையன்தான். ஆனால் விடியற்காலையில் காமன் எரிந்து ரதி புலம்பும்போது கூட நின்று அழுதவர்கள் அவர்கள். அந்த வரிகளைத் தங்கள் வீட்டுச் சாவுகளிலும் பாடியிருக்கிறார்கள். கொப்பியில் இருந்ததைவிட இரண்டொரு வரி கூடுதலாகவே அவர்களிடம் இருந்ததென்று நினைக்கிறேன். இப்படிச் சாயங்காலத்துக்குள் கூத்தின் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. எமன் வரும் கட்டம் மட்டும் இன்னும் ஓட்டையாக இருக்கிறது.

பழைய நாடகக் கூட்டாளிகளைத் தேடிப் பிடிக்க நினைப்பவர்களுக்கு, அது தோட்டத்துக் கூத்தாக இருந்தாலும் பாடசாலை நாடகமாக இருந்தாலும், எங்கள் அனுபவத்திலிருந்து சிலதைச் சொல்லலாம். ஆட்களைத் தனித்தனியாகப் பேட்டி காணாதீர்கள். தனியாக உட்கார்த்தி வைத்துக் கேட்டால் கூத்துக்காரனுக்கு ஒன்றும் வராது. வாத்தியக்காரரை முதலில் கூப்பிடுங்கள். களத்தில் யார் யார் பக்கத்தில் நின்றார்களோ அந்த ஒழுங்கில் இருக்க விடுங்கள். பார்த்தவர்களையும் கூப்பிடுங்கள், முக்கியமாகப் பெண்களை. டெலிபோனில் பதிவு பண்ணுங்கள், ஆனால் அதை யாருடைய முகத்துக்கு நேரேயும் பிடிக்காதீர்கள். அன்றே எழுதி வையுங்கள். இரண்டு பிரதி.

ஆனால் பதிவோடு திருப்திப்பட என்னால் முடியவில்லை. பேராதனையில் நடந்ததை நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அதனால்தான். மனமே முதல் தடவை ஆடிய எட்மண்ட் விஜேசிங்கவும் பென் சிறிமான்னவும் ட்ரிலீஷியா குணவர்தனவும் விட்ட இடத்தை அடுத்தடுத்த தலைமுறை நடிகர்கள் எடுத்தார்கள். அதனால்தான் அது இன்னும் ஆடப்படுகிறது. அதில் கதை சொல்லும் பொத்தேகுருவாக நின்ற ஷியாமன் ஜயசிங்க அவுஸ்திரேலியாவில் மெல்பேர்னில் குடியேறினார். ஒருவர் போனாலும் பாத்திரம் இங்கேயே நின்றது. எங்களிடம் மதன் கப்பலேறியபோது பாத்திரமும் கூடவே போய்விட்டது, ஏனென்றால் அடுத்தவனுக்குப் பழக்க எங்களுக்கு அவகாசம் தரப்படவில்லை.

எனவே மதனின் விசா முடிவதற்குள் அடுத்த மதனைத் தேடினோம். தோட்டப் பாடசாலையில் உயர்தரம் படிக்கிற பையன் ஒருவன் முன்வந்தான். ரதிக்குப் பையன் யாரும் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை கேட்டாள். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள்; விரதம், வழமை என்றார்கள். மதனும் முதலில் தயங்கினான். நான் அந்தப் பாட்டியைக் காட்டி, ரதியின் புலம்பல் இவ்வளவு காலமும் யாரிடம் இருந்தது என்று கேட்டேன். அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. விரதம் எல்லோருக்கும் ஒன்றுதான், அவளும் இருக்கட்டும் என்று தப்பு அண்ணன் முடித்து வைத்தார்.

மதன் ஊர் திரும்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வட்ஸ்அப்பில் முகம் காட்டிப் பையனுக்கு ஆட்டம் பழக்குகிறான். இங்கே நான் பெண்பிள்ளைக்கு. தப்பு அண்ணனின் பேத்தியும் இப்போது அடிக்கப் பழகுகிறாள். ரதியும் மதனும் களத்துக்குள் முதன்முதல் வரும்போது வலப்பக்கமாகச் சுற்றுவதா இடப்பக்கமாகவா என்பதில் எங்களுக்குள் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. வலம்தான் என்கிறார் தப்பு அண்ணன், கோயிலைச் சுற்றுவது போல. இடம் என்று மதன் அடித்துச் சொல்கிறான், வாத்தியார் தன் தோளைப் பிடித்துத் திருப்பியது இன்னும் நினைவிருக்கிறதாம். கொழும்பிலிருக்கும் வீரபத்திரனுக்கு இந்த வாரம் கோல் எடுத்துக் கேட்கப் போகிறோம்.